தொப்பூர் மலைப்பாதையில் அவர் சொன்னது

20 ஜனவரி 2025, திங்கள்

நடை முப்பத்திரண்டு நிமிடம். ரத்த அழுத்த மாத்திரை ஏழு ஐம்பதுக்கு. இட்லி மூன்று. இதையெல்லாம் எதற்காக எழுதுகிறேன்? எழுதாவிட்டால் மத்தியானத்துக்குள் சந்தேகம் வந்துவிடுகிறது, மாத்திரை போட்டேனா இல்லையா என்று. எழுபத்தொரு வயதில் எனக்கு இந்த நோட்டுதான் சாட்சி.

சேலத்திலிருந்து சிவபிரகாஷ் பேசினான். பல் டாக்டர். ராசிபுரம் பள்ளியில் என்னிடம் ஆங்கிலம் படித்தவன். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே ஆகும் செலவில் கால் பங்கில் இங்கே பல் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஏற்காட்டையும் பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறான். வருகிறவர்களை அழைத்து வருவது, அவர்கள் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்வது, படிவம் நிரப்புவது - இதுதான் என் வேலை. இதுவரை ஆறு பேர். அடுத்தவர் பிப்ரவரி நான்காம் தேதி மொரீஷியஸிலிருந்து வருகிறார். மிசஸ் வீராசாமி. அறுபத்தெட்டு வயது.

"வீராசாமின்னு பேர வெச்சுக்கிட்டு தமிழ் தெரியாதாமா?" என்றாள் என் மனைவி ராமாத்தாள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் போனவர்கள் என்றேன். "அதுக்கு? பேரு மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டாங்களாக்கும்."

4 பிப்ரவரி, செவ்வாய்

பெங்களூர் விமான நிலையம். காரை ஓட்டியது சின்னராஜ். இருபது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன். காரிலும் லாரி ஹாரன்தான் அடிப்பான்.

மிசஸ் வீராசாமி சின்ன உருவம். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் இருக்கிறார், ஆனால் இவர் தன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அதை மூன்று முறை சொன்னார். பிரெஞ்சு கலந்த ஆங்கிலம். முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. சின்னராஜ், "என்னுங்க சார் சொல்றாங்க?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டான்.

தொப்பூர் மலைப்பாதையில் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. குலுங்கியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எலும்பு தேய்மானம் என்றார். வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்புக்கு ஊசி ஏற்றிக்கொள்கிறாராம், போன மார்ச்சில் ஐந்தாவது. "அதற்குப் பிறகு நான் விழவே இல்லை" என்று சிரித்தார். சிரித்தபோது பார்த்தேன், கடைவாயில் இரண்டு பக்கமும் பல் இல்லை.

ஆறு மணிக்கு விடுதியில் விட்டேன். அறையில் கொசுவலை கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

5 பிப்ரவரி, புதன்

படிவம் நிரப்பினேன். இருபத்திரண்டு கேள்விகள். வரிசையாகக் கேட்டேன், வரிசையாக எழுதினேன். பதினான்காவது: தினமும் சாப்பிடும் மாத்திரைகள். ரத்த அழுத்தம், தைராய்டு. கடைசியில் "எல்லாக் கேள்விகளையும் நோயாளிக்கு விளங்கும்படி கேட்டேன்" என்ற இடத்தில் என் கையெழுத்து. எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழே மூன்று பல்லைப் பிடுங்கி, அங்கேயே தாடை எலும்பில் திருகாணி வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் அதன் மேலே பல்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது தோன்றியது. அந்த எலும்பு ஊசி, மாத்திரை இல்லையே? அதை எந்தக் கேள்வியிலும் எழுதவில்லை.

பெரிய விஷயமாக இருக்காது. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

6 பிப்ரவரி, வியாழன்

சிவபிரகாஷ் கோயம்புத்தூர் போயிருக்கிறான். போனில் கூப்பிடலாமா என்று யோசித்தேன். எலும்பு ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சார் சம்பந்தம் என்று சிரித்துவிட்டால்? நாளைக்கு நேரில் சொல்கிறேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

சொல்லவில்லை.

ஒழுங்காக எழுதுகிறேன். எட்டரைக்குக் கிளினிக் போய்விட்டேன். சிவபிரகாஷ் வந்தது ஒன்பது ஐம்பதுக்கு. இன்றைக்கு நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். வெளிநாட்டு நோயாளிக்கு முதலில் கை வைப்பது நல்ல நேரத்தில்தான். அவன் அம்மா கலைமணி வந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். "கடல் தாண்டி வந்தவிங்க, நல்லபடியா திரும்பிப் போகோணும்" என்பார். எனக்கும் அதில் ஒரு நிம்மதி உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். நர்ஸ் பிரபா, "சார், இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது" என்று அவசரப்படுத்தினாள். நான் கதவருகில் நின்று, "டாக்டர், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். கலைமணி அம்மா தட்டோடு திரும்பினார். "ஏனுங்க சார், கற்பூரம் எரியறப்ப தடங்கல் பேசலாமுங்களா? முடியட்டும்."

நிறுத்திவிட்டேன்.

நல்ல காரியம் தொடங்கும்போது 'கொஞ்சம் இருங்கள்' என்று எவன் சொல்வான்? நம் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கே கிளம்பினாய் என்று கேட்டால்கூட முகம் சுளிப்பார்கள். கற்பூரம் அணைந்தது. அவன் கையுறை மாட்டிவிட்டான். நாற்காலி சாய்ந்தது. பிரபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மிசஸ் வீராசாமி தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

பதினொன்றே முக்காலுக்கு மூன்று பல்லும் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தன. அதற்குப் பிறகு என்ன சொல்வது?

9 பிப்ரவரி, ஞாயிறு

ஏற்காடு. அவருக்கு வீக்கம் குறைந்திருந்தது. ஏரியில் படகில் போனார். நான் கரையில் நின்றேன். பஞ்சு மாதிரி இட்லி கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, "உங்கள் ஊரில் எல்லோரும் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்" என்றார்.

அந்த ஊசி பற்றி மறுபடி கேட்க நான்கு முறை வாயெடுத்தேன். நான்கு முறையும் மிளகு, காப்பி, குரங்கு என்று வேறு எதையோ பேசினேன்.

12 பிப்ரவரி, புதன்

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது சின்னராஜ், "நல்ல அம்மாங்க சார். போறப்ப கும்பிட்டுட்டுப் போனாங்க" என்றான்.

3 மார்ச், திங்கள்

மிசஸ் வீராசாமி ஏற்காட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் நானும் இருக்கிறேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

17 ஏப்ரல், வியாழன்

சிவபிரகாஷுக்கு மிசஸ் வீராசாமியின் மகளிடமிருந்து கடிதம். படித்து விளக்கச் சொன்னான். புண் மூடவில்லை. ஒரு திருகாணி விழுந்துவிட்டது. ஈறு விலகித் தாடை எலும்பு வெளியே தெரிகிறது. அங்குள்ள டாக்டர்கள் எலும்பு ஊசியால் வந்தது என்கிறார்கள். அந்த ஊசி போட்டிருந்தால் பல் பிடுங்குவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும், உங்கள் கிளினிக்கில் ஏன் கேட்கவில்லை என்று மகள் கேட்கிறார்.

"அந்தம்மா சொல்லவே இல்லையே சார். நம்ம ஃபார்ம்ல பாருங்க, ரெண்டு மாத்திரைதான் எழுதியிருக்குது" என்றான் சிவபிரகாஷ். முகம் வெளிறியிருந்தது. கெட்டவன் இல்லை. பயந்துவிட்டான்.

"ஆமாம்" என்றேன். ஃபார்மில் இரண்டு மாத்திரைதான் எழுதியிருக்கிறது. அதற்குத்தான் ஆமாம் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது.

19 ஏப்ரல், சனி

நூலகத்துக் கணினியில் தேடிப் படித்தேன். இரண்டு மணி நேரம். எல்லோருக்கும் வருவதில்லை, ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ. ஆனால் தெரிந்திருந்தால் டாக்டர் பிடுங்குவதைத் தள்ளிப்போடுவார், அல்லது வேறு வழி பார்ப்பார். தெரிந்திருந்தால்.

எனக்குத் தெரியும்.

6 மே, செவ்வாய்

சிவபிரகாஷ் காரில் வீட்டுக்கே வந்தான். ராமாத்தாள் மோர் கொடுத்தாள். கையோடு ஒரு தட்டச்சுத் தாள். 'நோயாளியிடம் எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டன. எலும்பு மருந்து பற்றி அவர் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது. கீழே என் பெயர்.

"நீங்க பொய் ஒண்ணும் எழுத வேண்டாம் சார். உங்களுக்குத் தெரிஞ்சதுக்குத்தான் கையெழுத்து. ஒம்பது பேரு அங்க வேலை செய்யறாங்க, இல்லீன்னா நான் கேக்கவே மாட்டேன்."

போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் பதவி வந்தபோது கையெழுத்துப் போடவே பயந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். இதற்கு மட்டும் எப்படி ஒரே மூச்சில் போட்டேன்?

7 மே, புதன்

பிப்ரவரி நான்காம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்தேதான்.

2 ஜூன், திங்கள்

குமாரபாளையத்தில் ராமாத்தாளின் அக்கா பேத்தி கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே நாற்பது பேர். நாற்பது தாடைகளும் அசைகின்றன. பார்க்க முடியவில்லை. பாதியில் இலையை மூடினேன். பக்கத்தில் இருந்தவர், "ஏனுங்க, பல்லு வலியுங்களா?" என்றார்.

தினமும் பல் துலக்கும்போது மிசஸ் வீராசாமியின் குரல் கேட்கிறது. "அதற்குப் பிறகு நான் விழவே இல்லை." பிரெஞ்சு கலந்த அதே ஆங்கிலத்தில், லாரிச் சத்தத்தின் நடுவில். குழாயைத் திறந்துவிட்டால் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நாக்கால் என் கீழ்த்தாடையைத் தடவித் தடவி ஈறு புண்ணாகிவிட்டது.

24 ஜூன், செவ்வாய்

மிசஸ் வீராசாமி எனக்கே எழுதியிருக்கிறார். என் பெயருக்கு, தனியாக. பத்து வரிதான்.

நான் கையெழுத்துப் போட்ட தாளை மகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். மகள் அதைக் காட்டி, "நீ சொல்லவே இல்லை, மறந்துவிட்டாய்" என்கிறாராம். தனக்குச் சொன்னதாக ஒரு நினைவு இருக்கிறதாம். மலை, லாரிகள், ஒரு காரின் பின் இருக்கை. ஆனால் இப்போது அதை நம்ப முடியவில்லையாம். போன வாரம் ஞாபக சக்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். பயத்தில் முட்களை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். இனித் தனியாக இருக்க வேண்டாம் என்கிறாராம் மகள். வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது.

கடைசி வரி: 'நீங்கள் நேர்மையானவர், ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். நான் சொன்னேனா?'

என்னால் போனது தாடை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

27 ஜூன், வெள்ளி

பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மிசஸ் வீராசாமி' வரை.

1 ஜூலை, செவ்வாய்

மறுபடி. நான்கு பக்கம். பிறகு வாசித்தால் நான்கு பக்கமும் என்னைப் பற்றி. ராகு காலம், கற்பூரம், டாக்டர் தாமதம், கோயம்புத்தூர். கிழித்தேன். ஆங்கிலம் பழுது இல்லாமல் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கம்.

4 ஜூலை, வெள்ளி

ராமாத்தாளிடம் சொன்னேன். முப்பத்தொன்பது வருடத்தில் அவளிடம் இவ்வளவு நாள் மறைத்தது இது ஒன்றுதான்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா கிறுக்கச்சின்னு சொல்றாங்களா இப்ப?" என்றாள்.

அப்படித்தான் ஆகிவிட்டது என்றேன்.

"சொன்னத சொன்னாங்கன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல அவிங்களுக்கு. ஊட்டையும் வித்துப்போட்டா எங்க போயி நிப்பாங்க?" உருவிய கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, "உங்களுக்கு அந்த டாக்டரு பையன்கிட்ட பயம். கலைமணியக்காகிட்ட பயம். எங்கிட்டயும் பயம். அந்தம்மாகிட்ட மட்டும் ஏனுங்க பயமே இல்ல உங்களுக்கு?"

அவர் திட்ட மாட்டார் என்று தெரிந்ததால் இருக்கும். வேறென்ன?

9 ஜூலை, புதன்

முதலில் சிவபிரகாஷிடம் சொல்வதுதான் முறை என்று சேலம் போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன். கிளினிக்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். பிரபா டீ கொண்டுவந்து வைத்து, "என்னுங்க சார், ஒரு மாதிரி இருக்கறீங்க" என்றாள்.

பிப்ரவரி நான்காம் தேதிப் பக்கத்தை அவன் இரண்டு முறை படித்தான். "இத எழுதிட்டு, வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டு நின்னீங்களா சார்?"

"நின்னேன்."

"ஒரு வார்த்த. ஒரே வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே சார்!" - கத்தினான். வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நானும் கேட்டிருக்கோணும். ஊசின்னு அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி இல்ல. அது என் தப்பு. ஆனா இந்தப் பக்கம் வெளிய போனா நான் முடிஞ்சேன்" என்றான்.

இந்த நோட்டு என்னுடையது, நான் அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

படிக்கட்டில் பிரபா நின்றாள். முகத்தைப் பார்க்காமல், "எங்க பொழப்புல மண்ணு போட்டுட்டீங்க சார்" என்றாள்.

11 ஜூலை, வெள்ளி

அனுப்பிவிட்டேன். இந்த முறை ஆறு வரிதான். சொன்னீர்கள். பிப்ரவரி நான்காம் தேதி, தொப்பூர் மலைப்பாதையில், மாலை நான்கு மணி சுமாருக்கு. வருடம் ஒரு ஊசி, போன மார்ச்சில் ஐந்தாவது என்று சொன்னீர்கள். நான் கேட்டேன், அன்றைக்கே எழுதி வைத்தேன், டாக்டரிடம் சொல்லவில்லை. மே மாதம் நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய். உங்கள் நினைவில் எந்தப் பிழையும் இல்லை.

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, கீழே ஆங்கிலத்தில் எழுதி இணைத்தேன். மகளுக்கும் ஒரு பிரதி.

பத்தரைக்கு மேல்தான் அனுப்பினேன். ராகு காலம். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

12 ஜூலை, சனி

பதில் இல்லை.

13 ஜூலை, ஞாயிறு

இல்லை.

15 ஜூலை, செவ்வாய்

வந்துவிட்டது. அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்.

'அப்படியானால் நான் சொன்னேன். மலை இருந்தது. லாரிகள் இருந்தன. மகளிடம் உங்கள் பக்கத்தைக் காட்டினேன். நேற்று நானே உட்கார்ந்து ஒரு கடிகாரம் வரைந்தேன், சரியாக வந்தது. டாக்டரிடம் ஏன் தனியாகச் சொல்லவில்லை என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். உங்களிடம் சொன்னால் அவரிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தேன். அதற்காகத்தானே நீங்கள் இருந்தீர்கள். உங்களை மன்னித்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். அடுத்த மாதம் எலும்பை எடுக்கப் போகிறார்கள்.'

ராமாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். 'அதற்காகத்தானே நீங்கள் இருந்தீர்கள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவளே, "சரி, மேல படிங்க" என்றாள்.

22 ஆகஸ்ட், வெள்ளி

அறுவை சிகிச்சை நேற்று முடிந்ததாம். மகள் எழுதியிருக்கிறார். கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு துண்டு எடுத்துவிட்டார்கள். செலவில் பெரும் பங்கைச் சிவபிரகாஷ் ஏற்றுக்கொண்டான். எனக்கு அவன் சொல்லவில்லை, கடிதத்தில்தான் தெரிந்தது.

9 செப்டம்பர், செவ்வாய்

இன்று காலை பல் துலக்கும்போது அந்தக் குரல் இல்லை. நிம்மதி என்று எழுத வந்தேன். மாலையில் முகம் கழுவும்போது வந்துவிட்டது. இனி இப்படித்தான் இருக்கும்போல. வந்தால் வரட்டும்.

13 அக்டோபர், திங்கள்

தீபாவளித் துணி எடுக்கச் செவ்வாய்ப்பேட்டை போய்விட்டு, ராசிபுரம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஒரே கூட்டம். இரண்டு பேர் இருக்கையில் ஓர் ஓரம் காலி. அந்தப் பக்கம் பிரபா. பார்த்ததும் எனக்குத் திரும்பி இறங்கிவிடலாமா என்று தோன்றியது. அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு ஆட்களைப் பார்ப்பதைச் சிவபிரகாஷ் நிறுத்திவிட்டான். மூன்று பேரை வேலையிலிருந்து அனுப்பியதில் இவளும் ஒருத்தி. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போடுகிறாள். "நாளு பூரா நின்னுக்கிட்டே இருக்கோணும் சார். உக்கார உட மாட்டாங்க."

என் மேல் கோபம் போயிற்றா என்று கேட்டேன். இப்படி நேராகக் கேட்டது எனக்கே வியப்பாக இருந்தது.

"போகலீங்க சார்" என்றாள்.

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட் என்று நான் பணத்தை நீட்டுவதற்குள், அவளுக்கு டிக்கெட் கிடையாது, மகளிர் பயணம் இலவசம் என்றார் அவர். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மல்லூர் வரும்போது அவளே கேட்டாள். "அந்தம்மா இப்ப என்னுங்க சார் சாப்பிடறாங்க?"

"குழைய வேகவெச்சதுதான். இடது பக்கம் மெல்ல முடியாது."

"மக ஊட்டுல இருக்காங்களா?"

"இல்லை. அவங்க வீட்டிலேயேதான். தனியா. வீட்டை விக்கலை."

அவள் நிறுத்தம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிவரை போனவள் அங்கிருந்தே திரும்பிச் சத்தமாக, "சார், அவிங்களுக்கு எழுதுனீங்கன்னா பிரபா கேட்டான்னு எழுதுங்க. அவிங்க கையப் புடிச்சிக்கிட்டு நின்னாளே, அந்த நர்ஸுன்னு சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மிசஸ் வீராசாமிக்கு எழுதிவிட்டேன். அவள் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல்.